கணக்கு டீச்சருக்கு நான் ஏன் பொன்னாடை போர்த்தவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததற்கு உங்கள் எல்லாருக்கும் என்மேல் கோபம். குழுவில் எழுதினவர்கள் எழுதினீர்கள், மற்றவர்கள் போன் பண்ணித் திட்டினீர்கள். "வயசான மனுசியை மேடையில வச்சு அழ விட்டுட்டியேடி" என்று தையல்காரர் மகள் கேட்டாள். எட்டாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் இத்தனை காலம் கழித்து ஒன்றுகூடி, நம் கணக்கு டீச்சருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று ஏற்பாடு. போர்த்த வேண்டியவள் நான், ரிட்டையர்டு தலைமையாசிரியை என்பதால். நான் போர்த்தவில்லை. அதற்குப் பதில் ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டுபோய் டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் குனிந்து என்னமோ பேசினாள். டீச்சர் எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். நீங்கள் பார்த்தது அவ்வளவுதான். மைக் அந்தப் பக்கம் இருந்ததால் ஒருத்திக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்களுக்குக் கேட்காததை எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த மாசி மாதத்தை எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள். எனக்கு மறக்க இஷ்டமில்லை.

நம் வகுப்பு ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும். காலையில் சாதுவாக இருக்கிற அந்தப் பாறை, மத்தியானத்துக்கு மேல் தான் வாங்கின வெயிலையெல்லாம் நம் பக்கம் தள்ளிவிடும். வராந்தா மூலையில் மண்பானை. அதில் சங்கிலி போட்டுக் கட்டின அலுமினியத் தம்ளர், விளிம்பு நசுங்கி உதட்டைக் கிழிக்கும். தண்ணீர் குடித்தால் பானைக்கு அடியில் இருக்கிற மணலின் வாசம் வரும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். ஆனால் யாரும் அதிகம் குடிக்கமாட்டோம். குடித்தால் ஒண்ணுக்குப் போகவேண்டும். போக இடம் கிடையாது.

கிடையாது என்று சொன்னால் பொய். வேப்பமரத்துக்குப் பின்னால் வரிசையாகக் கக்கூஸ் கட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கதவு போட்டிருந்தார்கள். நாம் அந்தப் பள்ளியில் சேர்வதற்கு முந்தின வருஷம் கட்டினது. கட்டி முடித்த அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். பூட்டுக்குப் பேர்போன நம் ஊர்ப் பூட்டு, திறக்கவா செய்யும். சாவி பெரிய டீச்சரிடம். தலைமையாசிரியையை நாம் அப்படித்தான் சொல்வோம். "தொறந்து விட்டா ஒரே நாள்ல நாறடிச்சிருவாளுக. யாராவது பாக்க வந்தா அசிங்கமா இருக்கும்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆகவே கோட்டைச் சுவர் மாதிரி இருந்த காம்பவுண்டுக்குப் பின்னால், கருவேலம் புதருக்குள் போகவேண்டும். ஒருத்தி போனால் இரண்டு பேர் காவல். ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போவார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டு மணிக்குத்தான். பாட நேரத்தில் போகவேண்டுமானால் 'பாஸ்' வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, நூல் கோத்துக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி. கை பட்டுப் பட்டு வழவழவென்று கருத்திருக்கும். முதலில் ஆணியில் தொங்கியது. கணக்கு டீச்சர் நமக்கு வகுப்பாசிரியையாக வந்ததும் அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். "பாடம் நடக்கிறப்ப வெளிய போறவ படிக்க வந்தவ இல்ல." அதோடு சரி.

எனக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை. வீடு அடுத்த தெரு. மதியம் ஓடிப்போய் வந்துவிடுவேன். கஷ்டப்பட்டது ரெட்டியார்சத்திரத்துக்காரி.

அவளை உங்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை என்று மண்டபத்திலேயே தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மாவுக்குத் தக்காளி, கத்தரித் தோட்டம். விடிகிற நேரத்தில் பஸ் ஏறினால் திரும்ப வீடு சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பித்தளைத் தூக்குச்சட்டியில் கம்பஞ்சோறு கொண்டுவருவாள், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகச் சுண்டவத்தல். மூடியைத் திறந்ததும் வருகிற அந்தப் புளித்த மோர் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. நான் வீட்டுக்குப் போகாத நாட்களில் ஒரு கை எனக்குப் பிசைந்து கொடுப்பாள். ஆனால் தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டாள். சோறு விக்கினால் தொண்டையை நீவிக்கொள்வாள்.

"ஒரு வாய் குடிச்சா என்னடி?"

"குடிச்சா போகணும். அந்தப் பொதர்ப் பக்கம் நான் வரமாட்டேன். அன்னைக்கி ஒரு ஆளு சுவத்து மேல ஏறி நின்னு பாத்தான்."

அப்படியே காலையிலிருந்து சாயங்காலம் வரை காய்ந்து கிடப்பாள். உதடு வெடித்து ரத்தம் கசியும். மதிய வகுப்பில் தலை தொங்கும். ஆறாவதில் எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எட்டாவதில் சின்னப் பெருக்கலில் தடுமாறினாள். டீச்சர் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பேர் வைத்தார். நாம் எல்லாரும் சிரித்தோம்.

என் அப்பாவும் வாத்தியார்தான், பையன்கள் பள்ளியில். கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர், தெருவில் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். நான் அவளைப் பற்றிச் சொன்னபோது, "அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறல, அதான் சாக்குச் சொல்லுது. நீ வேற எடத்துல மாறி உக்காரு" என்றார். அவர் சொன்னால் அது வேதவாக்கு என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை தாகத்தில் வாடுவதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத வாத்தியார் அவர் என்பது, நானே வாத்தியாரான பிறகுதான் உறைத்தது.

அந்த நாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு சுட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது எரிகிறது, போகாவிட்டாலும் எரிகிறது என்று என் காதில் சொன்னாள். கணக்கு வகுப்பில் சுண்டுவிரலைத் தூக்கினாள். டீச்சர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மறுபடி தூக்கினாள். "கையைக் கீழ போடு." பிறகு எழுந்தே நின்று, "டீச்சர், முடியல டீச்சர்" என்றாள். "கணக்குப் போடச் சொன்னா மட்டும் உனக்கு முடியாது. நில்லு, அப்படியே நில்லு."

நின்றாள். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரையில் அது ஓடி வந்து என் காலில் பட்டது. சூடாக இருந்தது.

அடுத்து நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது, ஆனால் மறந்துவிட்டோம் என்கிறீர்கள். அவள் கையாலேயே தரையைத் துடைக்க வைத்தார். பிறகு, "பாவாடை காயிற வரைக்கும் வெளிய நில்லு" என்று கொடிக்கம்பத்துப் பக்கம் அனுப்பினார். மாசி வெயில், காய்ச்சல் உடம்பு. மணி அடித்து மற்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். அவள் அழவில்லை. பாவாடையின் நனைந்த இடத்தை இரண்டு கையாலும் முன்பக்கம் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே மடங்கி விழுந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது, இன்னும் நாள் கடத்தியிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னாராம். அம்மாவிடம் அழுது அடம்பிடித்து ஒருநாள் பார்க்கப் போனேன். அவள் அம்மா கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார், கைவிரலில் தக்காளிக் கறை.

"படிச்சதெல்லாம் போதும் தாயி," என்றார் என்னிடம். "உசுரோட தோட்டத்துல கெடக்கட்டும்."

அவள் கண்ணைத் திறந்து, "டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறு பிள்ளையை உட்காரச் சொன்னார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்குள் அது ஏறியது. இந்த வயதுவரை இறங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பள்ளிக்கூடம் பூரா சுண்ணாம்பு வாசம். பழைய பானையைத் தூக்கிப்போட்டுவிட்டு, கழுத்தில் பூ சுற்றிய புதுப்பானைகளை வைத்தார்கள். சங்கிலி இல்லாத எவர்சில்வர் தம்ளர். பெரிய அதிகாரி வந்து ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டால், எல்லாரும் ஒரே குரலில் "இல்லை ஐயா" என்று சொல்லவேண்டும் என்று பழக்கினார்கள். அந்த ஒத்திகையில்தான் எனக்கு யோசனை வந்தது. உங்கள் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக வந்து சொன்னேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவர் கேட்டதும் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நில்லுங்கள், வேறொன்றும் பேசவேண்டாம். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதிகாரி கணக்கு வகுப்புக்குத்தான் வந்தார். மெலிந்த ஆள், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கேட்கவேண்டியதைக் கேட்டார். "இல்லை ஐயா" என்று எல்லாரும் சொன்னீர்கள். நான் எழுந்து விரலைத் தூக்கினேன்.

யாரும் எழவில்லை. டீச்சர் என்னை முறைத்துப் பார்த்தார். அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. அப்போது பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. தையல்காரர் மகளே, நீதான். நீதான் இரண்டாவதாக எழுந்தாய். இன்றைக்கு என்னை அதிகம் திட்டுகிறவளும் நீதான், ஆனால் அன்றைக்கு நீ எழுந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். உனக்குப் பிறகு உன் வரிசை, அப்புறம் வகுப்பே எழுந்து சுண்டுவிரலைத் தூக்கி நின்றது.

"அனுப்புங்க டீச்சர்," என்றார் அதிகாரி, சங்கடப்பட்டு.

"மத்தியானம் போயிக்கிருவாங்க ஐயா. அதான் பழக்கம்."

"மத்தியானம் எங்கம்மா போவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்குள்ள. சில பேரு போகவே மாட்டாங்க ஐயா. ஒருத்தி ஆஸ்பத்திரியில இருக்கா."

கக்கூஸ் கட்டியிருப்பது அவருக்குத் தெரியும்போல, நேராக வேப்பமரத்துப் பக்கம் நடந்தார். பெரிய டீச்சர் பின்னாலேயே ஓடினார். சாவி தேடினார்கள். கிடைக்கவில்லை. பியூன் கடப்பாரையால் நெம்பிப் பூட்டை உடைத்தார். கதவைத் திறந்தால், நாற்றம் இல்லை. ஒரு பிள்ளைகூட உட்காராத வெள்ளைப் பீங்கான், அதில் கடைக்காரர் ஒட்டின தாள்கூடக் கிழியவில்லை. மூலையில் சிலந்தி வலை. நமக்காகக் கட்டி, நம்மிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதிகாரி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நாளைக்கு நான் திரும்ப வருவேன். தண்ணி ஊத்தி, தொறந்து இருக்கணும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பெரிய டீச்சர் முகம் சுண்ணாம்பாகிப் போனது.

கதவு திறந்தது. பாஸ் பலகை காணாமல் போனது. அந்தப் பங்குனியில் நாம் தண்ணீர் குடித்தோம், நினைவிருக்கிறதா? கணக்கு வந்தாலே தலைவலி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவலி நின்றது. மதியத்தில் தூங்கியவர்கள் விழித்திருந்தார்கள். முழுப்பரீட்சையில் நம் வகுப்பு நன்றாக எழுதியதற்குக் கணக்கு டீச்சரைத்தான் பாராட்டினார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எனக்குக் கிடைத்தது ஸ்கேல் அடி. அப்புறம் அப்பா. அதிகாரி முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்னை டீச்சர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார், மன்னிப்புக் கேட்க. நான் வாயைத் திறக்கவில்லை. "சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிருச்சு" என்று எனக்காக அவர் கேட்டார். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. டீச்சர் என்னைப் பார்க்காமல், "பரவால்ல சார்" என்றார். அப்பா பயந்தவர். நியாயஸ்தர் என்று நான்தான் தப்பாக நினைத்திருந்தேன்.

ரெட்டியார்சத்திரத்துக்காரி திரும்பி வரவில்லை. கதவு திறந்த பள்ளிக்கூடத்தை அவள் பார்க்கவே இல்லை.

நான் டீச்சரானேன். எரியோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக ரிட்டையர் ஆனபோது, அன்பே உருவானவர் என்று பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்பினால் நான் ஒன்றும் செய்ததில்லை. எல்லாம் வன்மம். எந்தப் பள்ளிக்கு மாற்றிப் போட்டாலும் முதல் வேலையாகக் கக்கூஸைத்தான் பார்ப்பேன். என் வகுப்பில் யாரும் விரல் தூக்க வேண்டாம், எழுந்து போகலாம். தண்ணீருக்கென்று ஒரு மணி அடிக்க வைத்தேன். பீரோவில் மடித்த பாவாடைகள் எப்போதும் இருக்கும், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மதியத்தில் தூங்குகிற பிள்ளையை, "காலையில என்ன சாப்ட்ட?" என்று கேட்பேனே தவிர எழுப்பமாட்டேன். சிரித்துக்கொண்டு வகுப்புக்குள் ஓடி வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கும்போது, மனதுக்குள் கணக்கு டீச்சரிடம் பேசுவேன்: பாரும்மா, இப்படியும் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். இதை நீ அன்றைக்குச் செய்திருக்கலாம். ஒரு செலவும் இல்லை.

இப்படி இருக்கிறவளிடம்தான் நீங்கள் பொன்னாடையைக் கொடுத்தீர்கள். "நம்மை ஆளாக்கியவர்" என்று அழைப்பில் போட்டிருந்தது. நான் பஸ் ஏறி ரெட்டியார்சத்திரம் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். தோட்டத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இருந்தாள், தலை பூரா நரை. இரண்டு பிரசவத்திலும் அந்தச் சிறுநீரகம் அவளைப் படுத்தி எடுத்திருக்கிறது. மூன்றாவது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு அவுக மூஞ்சியே மறந்துபோச்சு," என்றாள். "வெயிலு மட்டுந்தான் நெனப்பிருக்கு." கூடையில் இருந்த அழுகலைப் பொறுக்கி எறிந்துகொண்டே இருந்தாள். செத்த நேரம் கழித்து, "வாரேன். அவுக தெரியாம செஞ்சாகளா என்னன்னு கேக்கணும். நீ பக்கத்துல நிக்கணும்" என்றாள்.

மேடையில் நடந்தது இதுதான். அவள் குனிந்து, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள்.

டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரும்மா?"

"ரெட்டியார்சத்திரம். கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்க வச்சீங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவாடை," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் அந்தப் பள்ளிக்கூடத்துல பகல் பூரா ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லம்மா. எங்களுக்கும் தொறந்து விடல. எனக்கும் எரிச்சல், வலி எல்லாம் இருந்துச்சு. வருசக்கணக்கா மருந்து சாப்பிட்டேன். அந்த வேதனையில உங்க மேல..."

எனக்கு இது புதுச் செய்தி. ஒரு கணம் நான் ஆடிப்போனேன். அவள் ஆடவில்லை.

"அப்ப அது எம்புட்டு வலிக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரியாம செஞ்சீங்கன்னுதான் டீச்சர் நான் இம்புட்டு நாளும் நெனச்சுட்டு இருந்தேன்."

டீச்சர் எழுந்துகொண்டார். நாங்கள் அவரை விரட்டவில்லை. அவளே என் கையைப் பிடித்து, "பசிக்குது, வா" என்று பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை டீச்சர் எனக்குப் போன் பண்ணினார். அந்தப் பிள்ளை வீடு எங்கே, மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும், கண்ணை மூடுவதற்குள் அது ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. அவள் சொன்னதை டீச்சரிடம் அப்படியே சொன்னேன், மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வந்தா சேர் போட்டு உக்கார வைக்கணும், காப்பித் தண்ணி குடுக்கணும், அவுக அழுதா நான் தேத்தணும். எனக்குத் தோட்டத்துல வேலை கெடக்கு. வரவேணாம்னு சொல்லிரு."

"சரிம்மா" என்றார் டீச்சர்.

போனை நான் முதலில் வைக்கவில்லை. அவர் வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.